கோர்ட் கொடுத்த தவணை

மாசிலாமணி செருப்போடு மடத்துக்குள் வந்துவிட்டார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பதுதான் இருக்கும்.

"அதை வெளியே விட்டுட்டு வாங்க," என்றார் குரு.

விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சாமி, தபால்காரனா இருந்து சேர்த்த காசுல ஒன்றரை லட்சம், பேருந்து நிலையத்துல கரும்புச் சாறு விக்கிற பொற்கொடிக்குக் கடன் கொடுத்தேன். புருஷன் லாரியில அடிபட்டுப் படுத்துட்டான், கட்ட முடியலைன்னு அவ கோர்ட்டுக்குப் போயிட்டா. போன வாரம் உத்தரவு. மார்கழி வரைக்கும் ஒரு ரூபாய் கேட்கக் கூடாதாம். என் சம்சாரத்துக்கு ஐப்பசியில முழங்கால் ஆபரேஷன். நான் என்ன செய்வேன்?"

"வக்கீல் என்ன சொன்னார்?"

"மூணு வழி சொன்னார். மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம்."

"எவ்வளவு நாளாகும்?"

"ஒன்றரை வருஷம்."

குரு சிரிக்கவில்லை. "அடுத்தது?"

"ஜாமீன் போட்டவனைப் பிடிக்கலாம். அவ தம்பிதான். அவளோட கரும்புச் சாறு வண்டியில கூலிக்கு நிக்கிறவன்."

"இப்பவும் நிக்கிறானா?"

"இல்ல. வீட்டுல படுத்திருக்கான்."

"மூணாவது?"

"மாசாமாசம் ஏதாவது கட்டச் சொல்லி மனுப் போடலாம். ஆனா அவளுக்கு வருமானம் இருக்குன்னு நாம காட்டணும்."

"இருக்கா?"

மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குரு எழுந்தார். "தாகமா இருக்கு. வாங்க, கரும்புச் சாறு குடிச்சுட்டு வருவோம்."

கத்திரி வெயில் தொடங்கி இரண்டாம் நாள். பேருந்து நிலையம் வரை நடந்தார்கள். பொற்கொடி வழக்கமாக வண்டி போடும் வேப்பமரத்தடி காலியாக இருந்தது. அங்கே ஒரு கண்டக்டர் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு நின்றிருந்தார்.

"பெரியவரே, சாறுக்கார அம்மா எங்க போனாங்க? ஒரு மாசமா சோடா குடிச்சு வயிறு பலூனாயிடுச்சு."

"தெரியலையே," என்றார் மாசிலாமணி.

கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே பேருந்தில் ஏறிப் போனார்.

"வண்டி எங்க இருக்கு?" என்று கேட்டார் குரு.

"என் வீட்டுக் கொட்டகையில. அடமானமா எழுதிக் கொடுத்த வண்டி, சாமி. நான் அதை விற்கக் கூடாதுன்னுதான் உத்தரவு. திருப்பிக் கொடுன்னு அதுல இல்ல."

"இல்லதான்."

"கொடுத்துட்டு, அவ யாருக்காவது வித்துட்டா? என் கையில வேற பிடி ஏது?"

"தினம் வந்து பக்கத்துல நில்லுங்க. டம்ளரும் கழுவலாம்."

மாசிலாமணி காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை வறண்டிருந்தது.

"கோர்ட் லீவு விட்டிருக்கு. வக்கீலும் ஊருக்குப் போயிட்டார். திறந்ததும் அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொடுத்துடட்டுமா?"

"எப்பத் திறக்கும்?"

"ஜூன் மாசம்."

"அதுக்குள்ள வெயில் தணிஞ்சுடும்," என்றார் குரு.