உங்க பின்னால யார்?

அநியாயம் நடந்தது கீழவெள்ளியூர்ப் பெற்றோருக்கு. கல்வி நலப் பேரவை என்று ஒரு சங்கம் சொன்னதைக் கேட்டு, அவர்களுடைய ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லிவிட்டார் கல்வி அதிகாரி. பிள்ளைகள் இனி நாற்கரச் சாலையைத் தாண்டி டவுனுக்குப் போக வேண்டும். "பேரவையோடு என்ன பேசினீர்கள், ஊருக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டு, பிள்ளைகளோடு அவர் அலுவலகத் தெருவில் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்த பட்டம், தூண்டிவிடப்பட்டவர்கள்!

ஒருவர் மட்டும் பேச வரலாம் என்றார் அதிகாரி. சூளையில் செங்கல் அறுக்கும் பவுனம்மாள் போனாள். அவரைப் பார்க்க வருகிறவர் யாரும் செருப்போடு அறைக்குள் நுழையக் கூடாது. அது அவர் போட்ட சட்டம். பவுனம்மாள் வாசலில் கழற்றினாள், ஒரு கணம் கீழே பார்த்தாள், உள்ளே போனாள்.

அதிகாரி பூட்ஸ் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"பேரவைக்காரங்க மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்லம்மா. உங்க பின்னால யார் இருக்காங்க? பேரைச் சொல்லு. இல்லேன்னா எல்லார் மேலயும் கேஸ்."

இல்லாத ஆளுக்குப் பேரை எங்கே போய்த் தேடுவது? பவுனம்மாள் கெஞ்சவில்லை.

"எங்க பின்னால இருக்கிறது எங்க புள்ளைங்க சார். வெயில்ல நிக்குதுங்க, ஜன்னலைத் திறந்தா தெரியும். வாசல்ல என் செருப்புப் பக்கத்துல இன்னொரு ஜோடி கிடக்கு. பேரவைச் செயலாளர் எங்க ஊருக்குப் பேச வந்தப்போ போட்டிருந்த அதே வெள்ளைச் செருப்பு. உங்க பின்னால இருக்கிறவரை வெளியே வரச் சொல்லுங்க சார். வெறுங்காலோட எவ்வளவு நேரம்தான் நிப்பாரு?"