பாதித் தலைக்குத் தைலம்

முன்னொரு காலத்தில், ராஜாவின் கிரீடத்துக்குக் கீழே என்ன இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் எவரும் வாய் திறக்காத ஒரு நாடு இருந்தது.

ராஜா வச்சிரகேதுவுக்கு முன்தலையில் வழுக்கை விழுந்தது. அரசர் எப்படியோ அவையும் அப்படியே என்பது அந்த நாட்டு வழக்கம். அவர் மீசையை முறுக்கினால் மந்திரிகளும் முறுக்குவார்கள். ஆகவே, வழுக்கை விழுந்த கையோடு அவையோர் அத்தனை பேரும் முன்தலையை மழித்துக்கொண்டார்கள். விகடகவி சுருளாண்டி மட்டும் மழிக்கவில்லை. கோமாளியிடம் யாரும் ராஜபக்தியை எதிர்பார்ப்பதில்லை.

அவனுடைய சுருட்டை முடியைக் கண்டாலே அரண்மனை வைத்தியர் பரஞ்சோதியாருக்கு வயிறு எரியும். அவர் முடி வளர ஒரு தைலம் காய்ச்சி, ராஜாவுக்குப் போடுமுன் சோதிக்க அவையோர் தலையில் தேய்த்தார். தேய்த்த தலையில் கத்தி படக்கூடாது என்று பத்தியமும் சொன்னார். பௌர்ணமிக்குள் எல்லார் தலையிலும் கருகருவென்று முடி முளைத்தது. தைலத்தை வைத்தியரே மனதார நம்பினார். ஆபத்து அங்கேதான் இருந்தது.

சுருளாண்டி சிரித்துவிட்டான். அவன் மகாராஜாவின் தலையைப் பார்த்துச் சிரிப்பதாகப் பரஞ்சோதியார் போட்டுக்கொடுத்தார். தைலத்தைப் பார்த்துத்தான் சிரித்தேன் என்றான் அவன்.

ராஜா முகம் சிவந்தார். "இவர்களை மீண்டும் மழிக்கச் சொல்கிறேன். நீயே உன் கையால் இவர்கள் தலையில் தைலம் தடவு. முடி முளைத்தால் உன் தலை என்னுடையது."

மழித்த இடத்தில் முடி முளைக்காமல் புல்லா முளைக்கும்? தைலம் தடவினாலும் தடவாவிட்டாலும் முளைக்கத்தான் போகிறது. சுருளாண்டி தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு தைலக் கிண்ணத்தை எடுத்தான்.

அடுத்த பௌர்ணமி வந்தது, முடியும் வந்தது. வாளைக் கொண்டுவரச் சொல்லலாமா என்று வைத்தியர் மிகப் பணிவாகக் கேட்டார்.

"மகாராஜா, அடியேன் தடவியது வலப்பாதியில் மட்டும்," என்றான் சுருளாண்டி.

"தலையில் தடவு என்றல்லவா அரசர் ஆணை?"

"வலப்பாதியும் தலைதானே, வைத்தியரே. இடப்பாதி உங்கள் தைலத்தைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. எந்தப் பக்கம் நீளமாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்."

ராஜா இறங்கி வந்து ஒவ்வொரு தலையாகத் தடவிப் பார்த்தார். இருபுறமும் ஒரே நீளம். மழித்த முடி தானாக முளைத்திருக்கிறது. தைலம் பக்கத்தில் நின்று பெயர் வாங்கியிருக்கிறது.

"அப்படியானால் முடி தானாக உதிர்ந்த என் தலை தரிசுதானா?" ராஜாவின் குரல் தாழ்ந்தது.

சுருளாண்டி, பொருளைப் பெரிதாகக் காட்டும் பளிங்கு வில்லை ஒன்றை எடுத்து வைத்தியரிடமே நீட்டினான். ராஜா கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார்.

பரஞ்சோதியார் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பொறாமைப்பட மறந்த முகம் அது.

"இருக்கிறது, மகாராஜா. மயிர்க்கால்கள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும், பச்சைக் குழந்தையின் காதுமடலில் இருப்பதுபோல ஒரு பூனைமயிர்."

சுருளாண்டியும் எட்டிப் பார்த்தான். அவனுக்கே கேலி வரவில்லை. வெறுந்தரை என்று ஊரே நினைத்த இடத்தில் பனிப்புகைபோல ஒரு காடு. யார் கண்ணுக்கும் தெரியாமல் முளைத்து, ஓய்ந்து, உதிர்ந்து, மறுபடி முளைத்துக்கொண்டிருந்தது. அதை இப்படிச் சுருக்கியது எது என்று ராஜா கேட்டார். தெரியாது என்றான். அந்த அவையில் அப்படி ஒரு பதில் வந்தது அதுவே முதல் தடவை.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். "உன் ஒரு தலையைக் கேட்டேன், சுருளாண்டி. பதிலுக்கு என் அவையின் தலைகள் அத்தனையும் உனக்குத் தந்தேன், என் தலையும் சேர்த்து. பாதிப் பாதியாகத் தடவிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடி."

சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கிரீடம் உருண்டோடியது. எடுத்துக் கொடுக்க ஆளில்லை. அவை முழுவதும் பளிங்கில் பார்க்க வரிசையில் நின்றது.