இரண்டாம் பல்லவி

கிளாரா தன் உள்ளங்கையால் டிரம்பெட்டின் வாயைப் பொத்தினாள்.

மாசிலாமணிக்கு மூச்சு நெஞ்சில் முட்டியது. கருவியை இறக்கினார்.

"என்ன டீச்சர்?"

"கேக்கல அண்ணே."

"என்னையா சொல்றீங்க? நான் ஊதினா நாலு தெரு தள்ளிக் கேக்கும்."

"ஊருக்குக் கேக்குது. உங்களுக்குக் கேக்கல."

பியானோவில் இருந்த பல் டாக்டர் முத்தையா குனிந்து சிரித்தார். டிரம்ஸுக்குப் பின்னால் ராய்ஸ்டன் குச்சியால் தன் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

மாசிலாமணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. டீச்சருக்கு முப்பத்து நான்கு. பெரம்பூரில் ஒரு சர்ச்சின் பின்பக்கத்து ஹாலில் ஞாயிறு மதியம் நாலைந்து பேர் கூடி ஜாஸ் வாசிப்பார்கள். அவர்களுக்குத் தலைவி கிளாரா. அவளைவிட ஒரு முழம் உயரமான டபுள் பேஸை அணைத்துப் பிடித்துக்கொண்டு வாசிப்பாள். தடித்த தந்திகள். விரல் நுனியெல்லாம் காய்ப்பு.

சூளையில் மாசிலாமணிக்குச் சொந்தமாக ஒரு பேண்டு செட் உண்டு. ஒருமுறை கல்யாண ஊர்வலம் இந்த ஹால் வாசலில் லாரி மறித்து நின்றுபோனது. ஜன்னல் வழியே பாட்டுக் கேட்டது. உள்ளே யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. முன்னால் காகிதமும் இல்லை. ஆனாலும் பாட்டு கவிழாமல் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து தோளைத் தட்டும்வரை அவர் ஜன்னலைவிட்டு நகரவில்லை. அடுத்த ஞாயிறு டிரம்பெட்டோடு வந்து நின்றார்.

"என்னையும் சேத்துக்கங்க."

சேர்த்துக்கொண்டாள். எல்லோரோடும் சேர்ந்து வாசிக்கவிட்டாள். தனிச்சுற்று மட்டும் தரவில்லை. பாட்டை எல்லோரும் ஒருமுறை வாசித்து முடித்ததும் ஒவ்வொருவரும் ஒரு சுற்று தன் மனம்போல வாசிப்பது இவர்கள் வழக்கம். மற்றவர்கள் அடியில் அதே பாட்டைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். மாசிலாமணியின் முறை வரும்போது கிளாரா ராய்ஸ்டனைப் பார்ப்பாள். சுற்று அவனிடம் போய்விடும்.

மூன்று வருஷமாக இப்படி.

"நான் எதுல கொறச்சல் டீச்சர்? ஸ்வரம் பெசகுதா? கணக்கு தப்புதா? இன்னிவரைக்கும் ஒரு இடத்துல தப்பா நுழைஞ்சிருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம்?"

"இப்ப வாசிச்சீங்களே, டாக்டரோட இடது கை என்ன பண்ணுச்சு?"

"நான் எதுக்கு அதைப் பாக்கணும்? அவருதான் என்னைப் பாக்கணும்."

அவருடைய செட்டில் அதுதான் சட்டம். அவர் இடது தோள் உயர்ந்தால் பல்லவி முடிந்து சரணம். பன்னிரண்டு பேரும் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். எவனாவது முந்தினால், பிந்தினால், டிரம்பெட்டின் வாய்முனையைக் கழற்றி அவன் மண்டையில் ஒரு தட்டு. செட்டில் அதற்குப் பித்தளைக் குட்டு என்று பேர்.

"தப்பு நடந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள் கிளாரா.

"என்கிட்ட நடக்காது."

"வேற யாராவது பண்ணினா?"

"பண்ணினவன் சரி பண்ணிக்கணும். சரியா நிக்கிறவன் ஏன் தன் எடத்தை விடணும்?"

கிளாரா தந்தியை முறுக்கி, காதை மரத்தோடு வைத்துக் கேட்டாள்.

"நவம்பர்ல விழா வருது. அதுல எனக்குத் தனிச்சுற்று வேணும். இல்லேன்னா அடுத்த ஞாயிறு நான் இல்ல" என்றார் மாசிலாமணி.

"எடுத்துக்கங்க."

அவர் இவ்வளவு சுலபத்தை எதிர்பார்க்கவில்லை. "கேக்கலேன்னு சொன்னீங்களே?"

"அங்கயாவது கேக்குதா பாப்போம்."

●

துறைமுகத்துக்கு எதிரே பழைய கிடங்கு ஒன்றின் திறந்த முற்றத்தில் வருஷத்துக்கு ஒருமுறை அந்த விழா நடக்கும். இருட்டிய பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வாசிப்பார்கள். வெயில் இருக்கும்போது உள்ளூர்க்காரர்களுக்கு ஓர் இடம்.

மாசிலாமணி அந்த மாதம் இரண்டு முகூர்த்தங்களை வேறு செட்டுக்குத் தள்ளிவிட்டார். காசிமேட்டுக் கடற்கரையில் காற்றுக்கு எதிரே நின்று ஊதினார். வலைக்காரர்கள், "இன்னா நைனா, மீனுக்குக் கல்யாணமா?" என்று கேட்டார்கள். உதடு வெடித்தது. வெண்ணெய் தடவிக்கொண்டு ஊதினார்.

விழாவுக்கு கிளாரா தானே கட்டிய பாட்டு ஒன்றை எடுத்திருந்தாள். மாசிலாமணி அதைத் தன் பாஷையில் மனதில் போட்டுக்கொண்டார். பல்லவி ஒரு தரம், அதே பல்லவி இன்னொரு தரம், அப்புறம் சரணம், திரும்பவும் பல்லவி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. காலையில் ராயபுரத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு அவருடைய செட் அப்படியே வந்திருந்தது. சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் குஞ்சம். காவலாளி உள்ளே விடவில்லை. கம்பிவேலிக்கு வெளியே, கருவிகளைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மேடையில் ஏறும்போது கிளாரா அவர்களைப் பார்த்தாள்.

"உங்க ஆளுங்களா அண்ணே?"

"பசங்க கேக்கட்டும்னு வரச்சொன்னேன்."

பாட்டு ஒருமுறை வந்து முடிந்தது. டாக்டர் ஒரு சுற்று வாசித்தார். கிளாரா இந்தமுறை ராய்ஸ்டனைப் பார்க்கவில்லை. மாசிலாமணியைப் பார்த்தாள்.

அவர் முன்னால் வந்தார்.

முதல் பல்லவியில் மூன்று வருஷம் மொத்தமும் வெளியே வந்தது. கடைசி ஸ்வரத்தை மேலே கொண்டுபோய் நிறுத்தியபோது கூட்டம் ஓவென்று கத்தியது. வேலிக்கு வெளியிலிருந்து விசில். அவர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததற்குத் தாவினார். தாவிய நொடியில் பியானோ எங்கேயோ இடித்தது. கல்லில் கால் தட்டியதுபோல. மறு நொடி எல்லாம் சரியாகிவிட்டது. அடியில் பேஸ் அகலமாக விரிந்தது. அதன்மேல் அவர் ஓடினார்.

முடித்தபோது ஜனம் எழுந்து நின்று தட்டியது.

மேடைக்குப் பின்னால் வந்ததும் டாக்டரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன டாக்டர், பல்லு புடுங்குற நெனப்புல இருந்தீங்களா? எங்கயோ தொலைஞ்சு போயிட்டீங்க?"

"ஆமாண்ணே" என்றார் டாக்டர், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "பேஷண்ட் திடீர்னு தலையைத் திருப்பிட்டாரு. கையும் கூடவே போயிடுச்சு. மன்னிச்சுக்கங்க."

ராய்ஸ்டன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கிளாரா ஒரு துணியால் பேஸின்மேல் தெறித்திருந்த மழையை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

விழா நடத்துகிறவர் குடையோடு வந்தார். பெங்களூரில் ஜனவரியில் இதேபோல ஒரு விழா, இந்தக் குழு வரவேண்டும், குறிப்பாக இந்த டிரம்பெட் அவசியம் என்றார்.

அவர் போனதும் மாசிலாமணி கிளாராவின் பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பெங்களூருக்கு டாக்டர் வேணாம். பெரிய மேடை. நடுவுல தொலைஞ்சு போற ஆளை வெச்சுக்கிட்டு நான் வாசிக்க மாட்டேன். அவரா, நானா, பாத்துக்கங்க."

"சரி அண்ணே" என்றாள் கிளாரா. "ஒண்ணு பண்ணுங்க. இந்தப் பாட்டை உங்க செட்டுக்குச் சொல்லிக்குடுங்க. குடுத்துட்டு ஞாயித்துக்கிழமை வாங்க. அப்பவும் வேணாம்னு சொன்னீங்கன்னா மாத்திடறேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?"

அவள் பேஸை உறைக்குள் இறக்கி ஜிப்பை இழுத்தாள். பெரிய ஜிப். இழுத்து முடிக்க நேரமாயிற்று.

●

சூளையில் பேண்டு செட்டின் கொட்டகைக்குத் தகரக் கூரை. கோட்டுகள் கொடியில் காய்ந்தன.

"ஒரு புதுப் பாட்டுடா. கவனமாக் கேளுங்க" என்றார் மாசிலாமணி.

"அன்னிக்கு வாசிச்சதாண்ணே?" என்றான் கிளாரினெட் தயாளன். "அது பாடமாயிடுச்சே."

"எப்படா?"

"பஸ்ல வரும்போதே. வாயாலயே பாடிக்கிட்டு வந்தோம். கண்டக்டர் எறக்கி விட்றேன்னுட்டான்."

அவருக்குப் பெருமையாக இருந்தது. காலையில் வெளிவந்த சினிமாப் பாட்டை மாலை ஊர்வலத்தில் வாசிக்கிற பசங்கள். காதில் விழுந்தால் போதும்.

"எங்க, வாசிங்க பாப்போம்."

வாசித்தார்கள். முதல் பல்லவி அவர் ஊதியபடியே, கடைசி ஸ்வரம் மேலே போய் நின்றது. மேலே ஏறும்போது அவர் ஸ்வரத்தை லேசாக வழுக்கவிட்டதைக்கூடத் தயாளன் பிடித்திருந்தான். உடனே பன்னிரண்டு பேரும் சேர்ந்து சரணத்துக்குப் போனார்கள்.

"நிறுத்து!"

நிறுத்தினார்கள்.

"இன்னொரு பல்லவி எங்கடா?"

அவர் வாய்முனையைக் கழற்றிக்கொண்டு தயாளனிடம் போனார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே சொன்னான்:

"நீங்க அப்படித்தாண்ணே வாசிச்சீங்க."

"நானா?"

"ஆமாண்ணே. பல்லவி முடிஞ்சதும் ஜனம் ஒரு கத்து கத்துச்சே, உடனே சரணம். நேரா."

"அதான்யா டாப்பு" என்றார் பெரிய டிரம்காரர். அவர் செட்டில் எல்லோருக்கும் மூத்தவர், யாருக்கும் பயப்படாதவர். "திரும்பவும் பல்லவி வரும்னு நாங்கல்லாம் பாத்துக்கிட்டிருக்கோம், நீ பாட்டுக்கு எகிறிப் போயிட்ட. பியானோக்காரர் ஒரு செகண்டு ஆடிட்டாரு. ஆனா புடிச்சிட்டாரு. கெட்டிக்காரர்."

மாசிலாமணி வாய்முனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கூரையில் காக்கை ஒன்று நடந்துபோகும் சத்தம் கேட்டது. பியானோ இடித்த இடம் இப்போது காதில் தெளிவாக வந்தது. டாக்டரின் கை இரண்டாம் பல்லவியை எடுத்திருக்கிறது. எடுத்த கை அப்படியே சரணத்துக்குப் போயிருக்கிறது. கூடவே பேஸ். கூடவே டிரம்ஸ்.

"பேஷண்ட்" என்று முணுமுணுத்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. போய் டீ குடிங்கடா."

●

ஞாயிறு அவர் வந்தபோது ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். அவர் டிரம்பெட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. நேரே பியானோவுக்குப் போனார்.

"டாக்டர், தொலைஞ்சு போனது நான்."

"அதுக்கென்னண்ணே இப்ப? உக்காருங்க."

"உங்களைப் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போக வேணாம்னு டீச்சர்கிட்ட சொன்னேன். தெரியுமா?"

"தெரியாது" என்றார் டாக்டர். கிளாராவைப் பார்த்தார். பிறகு, "உங்க கடவாய்ப் பல்லு ரெண்டு ஆடுது, சிரிக்கிறப்பப் பாத்தேன். என் கிளினிக்குக்கு வருவீங்கள்ல, அப்பப் பேசிக்கிறேன்" என்றார்.

ராய்ஸ்டன் வாய்விட்டுச் சிரித்தான். மாசிலாமணி சிரிக்கவில்லை. கிளாராவிடம் வந்தார்.

"டாக்டர் போகட்டும் டீச்சர். நான் வரல."

"பெங்களூர் ரயில்ல பேஸை ஏத்த ஆள் வேணும். வந்துதான் ஆகணும்."

"வெளையாடாதீங்க டீச்சர். ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நீங்க மூணு பேரு சரியான எடத்துல இருந்தீங்க. நான் ஒருத்தன் தப்பு. மூணு பேரும் எதுக்குத் தப்புக்கு வந்தீங்க? நீங்க பாட்டுக்கு உங்க எடத்துலயே நின்னிருந்தா நான் திரும்பி வந்திருப்பேன்ல?"

"வந்திருப்பீங்களா?"

அவர் யோசித்தார். மூடிய கண்ணும், கூட்டத்தின் கத்தலும், மேலே போய் நின்ற அந்த ஸ்வரமும் ஞாபகம் வந்தன.

"மாட்டேன்" என்றார் கடைசியில். "கேட்டிருக்காது."

கிளாரா பேஸை நிமிர்த்தித் தோளோடு சாய்த்துக்கொண்டாள்.

"அங்க நீங்க தனியா நின்னுக்கிட்டிருந்தீங்க அண்ணே" என்றாள்.

மாசிலாமணி குனிந்து டிரம்பெட்டின் பெட்டியைத் திறந்தார்.

●

தை மாதம். ஓட்டேரியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. குதிரைமேல் மாப்பிள்ளை வெயிலில் வாடிப்போயிருந்தார். முன்னால் மாமன்மார் கைக்குட்டையைச் சுழற்றி ஆடினார்கள். செட் ஒரு சினிமாப் பாட்டை எடுத்திருந்தது. பல்லவியில் இன்னும் பாதி பாக்கி.

தயாளன் முந்திக்கொண்டு சரணத்துக்குள் போனான்.

போன பிறகே தெரிந்தது. கிளாரினெட் மட்டும் தனியாகக் கீச்சென்று எங்கோ கேட்டது. அவன் முகம் வெளுத்தது. தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டான். மற்றவர்கள் சரணத்துக்கு இன்னும் உயராத மாசிலாமணியின் தோளைப் பார்த்தார்கள்.

மாசிலாமணி இடது தோளை உயர்த்தினார்.