வாசல் சுமந்த சடையாண்டி

முன்னொரு காலத்தில் குன்றமங்கலம் என்ற நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்றா சொன்னேன்? காலையில் ஒரு சட்டம் போடுவான், சாயங்காலம் அதை மெச்ச ஆள் தேடுவான். "குடிமகன் வாசலை அவன் அழைக்காமல் ராஜாகூடத் தாண்டக்கூடாது" என்ற சட்டத்தில் அவனுக்கு ரொம்பப் பெருமை. ஒருநாள், "வீடில்லாத ஏழைக் கிழடுகளுக்கெல்லாம் வீடு!" என்று முரசறையச் சொன்னான். ஊருக்கு வெளியே நூறு வீடு எழும்பியது. ராஜா அடுத்த சட்டத்துக்குப் போய்விட்டான்.

வீட்டுக்கான ஓலைகளைக் கொடுக்கும் பொறுப்பு ஓலைநாயகம் விடங்கருக்கு. பிச்சைக்காரக் கிழங்களை ராஜா இப்படித் தலையில் தூக்கி வைக்கிறாரே என்று அவருக்கு எரிச்சல். அதனால் ஒரு முறை வைத்தார். சேவகன் ஓலைக்கு உரியவரின் வீட்டு வாசலில் நின்று, பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டுக் கொடுக்கணும். வாசல் இல்லையென்றால் ஓலை பெட்டிக்குத் திரும்பணும்.

அட பாவி! வீடில்லாதவனுக்கு ஏதய்யா வாசல்?

சடையாண்டி, ராஜாவின் அப்பாவுக்கு நாற்பது வருஷம் பல்லக்குத் தூக்கியவர். தோள் காய்த்ததுதான் மிச்சம். குடிசைக்கு வாடகை கொடுக்க முடியாமல் அவரும் பெண்டாட்டி பேச்சியும் கோயில் தேருக்கடியில் ஒண்டினார்கள். மாசாமாசம் விடங்கரிடம் போவார்.

"ஐயா, எங்க ஓலை வந்துச்சுங்களா?"

"வீட்டுக்கு வரும், போய்யா!"

மூன்று வருஷம் இதே பதில். போன ஐப்பசி மழையில் பேச்சி இருமி இருமியே செத்துப்போனாள். கிடத்தக்கூட உலர்ந்த இடமில்லாமல் அழுதார் மனுஷன். எடுத்துப்போட வந்த சேவகன் ஒருத்தன் மனசு கேட்காமல் சொல்லிவிட்டான்: "வாசல் இருந்தாத்தான் ஓலை, பெருசு." அன்றைக்குத்தான் கிழவருக்கு விஷயமே தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ராஜா பரிவாரத்தோடு கோயிலுக்கு நடந்து வந்தான். சன்னதிச் சந்தில், இரண்டு சுவருக்கும் நடுவே, குறுக்கே ஒரு வாசல்நிலை நின்றது. பழைய கொட்டிலை இடித்தபோது குப்பையில் எறிந்தது. அதற்குப் பின்னால் சடையாண்டி உட்கார்ந்திருந்தார்.

"யாரடா அவன்? பிடுங்கி எறியுங்கள்!" என்று குதித்தார் விடங்கர்.

"தொடாதீங்க சாமி, இது என் வீட்டு வாசல். நான் அழைக்காம ராஜாவே தாண்டக்கூடாது. மகாராஜா போட்ட சட்டம்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "வீடு எங்கே கிழவா? கூரையும் காணோம், சுவரும் காணோம்!"

"அதைக் கொடுக்கிறதுக்குத்தான் வாசல் கேக்குறாரு உங்க ஓலைநாயகம். வாசலில்லாத ஏழைக்கு ஓலை கிடையாதாம். நானும் தேடிப் பிடிச்சுச் சுமந்துக்கிட்டு வந்துட்டேன். ஓலையைக் கொடுக்கச் சொல்லுங்க, வழி விடறேன்."

விடங்கருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பெட்டியைக் கொண்டுவந்து திறந்தால், நூறு ஓலையும் அப்படியே கிடந்தன. "முறை என்றால் முறைதானே, மகாராஜா..." என்று முனகினார்.

சடையாண்டியின் ஓலையை ராஜாவே எடுத்தான். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடி மாசம் எழுதியது.

"சடையாண்டி!"

"இருக்கேன், மகாராஜா."

"பேச்சி!"

பதில் இல்லை. "யாரது?" என்றான் ராஜா.

"என் வீட்டுக்காரி. போன ஐப்பசியில போயிட்டா."

ராஜா ஓலையை நீட்டினான். கிழவர் கை நீட்டவில்லை.

"இன்னும் ரெண்டு தடவை கூப்பிடுங்க. மூணுதானே முறை?"

ராஜா கூப்பிட்டான். மூன்றாவது தடவை பாதிப் பேர்தான் வாயில் வந்தது. சந்தில் யாரும் தலை நிமிரவில்லை. அப்புறம்தான் கிழவர் ஓலையை வாங்கிக்கொண்டு, "உள்ளே வாங்க, மகாராஜா" என்றார். நிலை தாழ்வானது. ராஜா குனிந்துதான் வரவேண்டியிருந்தது.

"வேறென்ன வேண்டும், கேள்" என்றான்.

"இந்த நிலையை ஓலைநாயகம் ஐயா தோள்ல ஏத்துங்க. இன்னும் தொண்ணூத்தொம்பது ஓலை இருக்கே, வாசல் வேணாமா?"

விடங்கர் சுமந்தார். மண்டபம், படித்துறை, மரத்தடி என்று போய், நிலையை நிறுத்தி, கூப்பிட்டு, மறுபடி தூக்கினார். நாலாம் நாள் தோளில் ரத்தம் கட்டியது. அறுபத்திரண்டு பேர் பதில் சொன்னார்கள், அவர்களுக்கு வீடு கிடைத்தது. பதில் வராத பேர்களையும் அவர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் நகர முடிந்தது. சடையாண்டி கூடவே நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.