பிளாஸ்டிக் பிள்ளை

நைஜீரியாவில் யொருபா மக்களின் ஊர் ஒன்றில் அவோடேலே குறி சொல்லும் குருவாக இருந்தார். அவருடைய சீடன் அஜானி, முன்பு பள்ளியில் சரித்திர வாத்தியார். குறிப் பாடல்களில் முஸ்லிம்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு. அது இடைச்செருகல் என்று நிறுவுவதில் மழைக்காலம் முழுவதையும் அஜானி செலவிட்டிருந்தான். குரு சலித்துப்போயிருந்தார்.

"சிலுவையும் பிறையும் தின்றது போக நம்முடையது என்று என்ன மிச்சம், பாபா?" அன்று காலையும் கேட்டான்.

"இன்று இன்னும் கேட்கவில்லையே என்று பார்த்தேன்" என்றார் குரு.

அப்போது சிகிரத் என்ற பெண் வந்தாள். அவள் பெற்ற இரட்டையரில் ஒன்று இறந்துவிட்டது. இறந்த பிள்ளைக்குப் பதிலாக ஒரு பொம்மையை வைத்து, உயிரோடிருக்கும் பிள்ளைக்கு ஊட்டும்போது அதற்கும் ஊட்டுவது அங்கே வழக்கம். ஊட்டாவிட்டால் அது துணைக்கு மற்றதையும் கூப்பிட்டுக்கொள்ளுமாம். முதுகில் கட்டியிருந்த மகளுக்கு விடாத காய்ச்சல். பொம்மைக்கு ஊட்டும்போது குரு பாட வேண்டும் என்று கேட்டாள்.

மடியில் துணியைப் பிரித்தாள். நீலக் கண், மஞ்சள் முடி, பிளாஸ்டிக் பொம்மை. கழுத்தில் சிலுவை, இடுப்பில் தோல் தாயத்து.

அஜானி கண்களை மூடிக்கொண்டான்.

பழைய மரப்பொம்மையை எரிக்கச் சொன்னவர் கணவனின் பாதிரியார். உருவம் ஆகாது என்று புதிதாகச் செதுக்க விடாதவர் அவளுடைய தகப்பனாரின் பள்ளிவாசல் ஆலிம். ஆகவே சந்தையில் இதை வாங்கி, விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டாளாம். சிலுவை, மாமியார் யாருக்கும் தெரியாமல் கட்டியது. தாயத்து அப்பா கட்டியது. அவரும் யாருக்கும் தெரியாமல்தான்.

"இதற்கா பாடுவது?" என்றான் அஜானி. "அயலார் சரக்கையெல்லாம் எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்."

"அவள் எதற்கு? படித்தவன் நீ இருக்கிறாய். நீயே எடு, வாத்தியாரே."

சிகிரத் குருவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

அஜானி சிலுவையைக் கழற்றினான். தாயத்தை அவிழ்த்தான். கடைசியில் பொம்மையையும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். அவள் மடியில் வெறும் துணி கிடந்தது.

"ஊட்டு, அம்மா" என்றார் குரு.

பாமாயில் விட்டு வேகவைத்த காராமணியைக் கிண்ணத்திலிருந்து விரல்களால் எடுத்தாள். கை மடிவரை போயிற்று. அங்கேயே நின்றது. முதுகில் குழந்தை முனகியது. கை இறங்கவுமில்லை, திரும்பவுமில்லை. எண்ணெய் துணியில் சொட்டியது.

அஜானி கொஞ்சநேரம் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு பொம்மையை மடியில் வைத்தான். தாயத்தைக் கட்டினான். சிலுவைக் கயிற்றின் முடிச்சுதான் அவனுக்கு வரவில்லை.

குரு பெருமூச்சு விட்டார்.

"காலையில் மிச்சம் என்னவென்று கேட்டாயே, அது வெகுநேரமாகக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் முடிச்சைப் போடு, வாத்தியாரே."