பேனாவில் எழுதிய ஏழு

சுடோகு ஒரு கணக்கு என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இதைவிடக் கவலைக்குரிய மூடநம்பிக்கை நாட்டில் இப்போது நடமாடவில்லை. அதில் கூட்டல் கிடையாது, கழித்தல் கிடையாது. குறுக்கே ஒன்பது, நெடுக்கே ஒன்பது, உள்ளே ஒன்பது பெட்டிகள். எதிலும் ஓர் எண் இரண்டு முறை வரக்கூடாது. அவ்வளவுதான். எண்களை எடுத்துவிட்டு ஒன்பது வகைக் காய்கறிகளை வைத்தாலும் புதிர் அசையாது. ஆகவே கணக்கில் தோற்றவர்கள் தயங்க வேண்டியதில்லை. தயங்க வேண்டியவர்கள் வேறு சிலர்.

இன்ஸ்பெக்டர் தங்கமாரியப்பன் தயங்கவில்லை. அவருடைய ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையோடு சுடோகுவையும் சேர்த்துச் சொல்லியிருந்தார் டாக்டர். குருவாக வாய்த்தவர் செண்பகவல்லி. கல்லூரியில் தத்துவம் நடத்துபவர், சீடரின் மகள் வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்து மாடியில் சொல்லிக்கொடுப்பார்.

அன்று மற்ற சீடர்கள் வரவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்ததும் பென்சிலை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"பேனாவா சார்?"

"அழிக்கிற பழக்கம் நமக்கு இல்லை டீச்சர்."



முதல் மூலைக் கட்டத்தில் ஏழும் வரலாம், இரண்டும் வரலாம். இன்ஸ்பெக்டர் ஏழு என்று அழுத்தி எழுதினார். அப்போது போன் அடித்தது. நிலையத்திலிருந்து ஏட்டு பால்ராஜ்.

"சார், நேத்துப் பிடிச்ச அந்தக் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்காரன், சுடலைமணி. சாயங்காலத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்."

"ஒத்துக்கிட்டானா?"

"இல்ல சார். காணாமப் போன மணப்பொண்ணு நகையைக் கண்ணாலகூடப் பாக்கலங்கான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நல்லாக் கவனிச்சிருவோம். ஒத்துக்குவான்."

"பொறு. கூப்பிடுதேன்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஏழு உட்கார்ந்ததும் பக்கத்தில் மூன்று வந்தது. மூன்று வந்ததும் கீழே எட்டு தானாக விழுந்தது. கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"பாத்தீங்களா டீச்சர்? ஆரம்பத்தைப் பிடிச்சுட்டா மிச்சமெல்லாம் தானா வந்து வாக்குமூலம் குடுக்கும்."

கடைசி வரிசையில் இரண்டு நான்குகள் நின்றன.

இன்ஸ்பெக்டர் ஒரு நான்கை அடித்து இரண்டாக்கினார். அதே நெடுக்கில் மேலே ஏற்கெனவே ஓர் இரண்டு இருந்தது. அதை அடித்து ஒன்பதாக்கினார். பெட்டிக்குள் இருந்த பழைய ஒன்பது அவரைப் பார்த்தது. 

"பத்திரிகைக்காரன் தப்பாப் போட்டுட்டான்."

"இருக்கலாம் சார்."

"இருக்கலாம்னா?"

"நீங்க தப்பாப் போட்டதும் இருக்கலாமில்லையா? இந்த மூலையில ஏன் ஏழு?"

"போன வாரப் புதிர்ல அங்க ஏழுதானே இருந்துச்சு!"

"ஓ," என்றார் குரு. "பழைய குற்றவாளியா?"

குரு சிரித்தார். சீடர் சிரிக்கவில்லை. சுடலைமணி மேல் பழைய கேபிள் திருட்டு வழக்கு ஒன்று இருந்தது. நேற்று மண்டபத்தில் அவன் பெயரைக் கேட்டதுமே இன்ஸ்பெக்டர், "இவன்தான்" என்றிருந்தார். சாட்சி தேடியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"ஆனா டீச்சர்," என்றார், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "ஏழு போட்டதுக்கப்புறம் எல்லாமே சரியா வந்துச்சே! மூணு வந்துச்சு, எட்டு வந்துச்சு, ஒண்ணுகூட மறுத்துப் பேசலையே! அத்தனையும் சாட்சி இல்லையா?"

"அந்த ஏழு கூட்டிட்டு வந்த சாட்சிங்கதானே சார்."

மறுபடி போன் அடித்தது.

"சார், கேஸ் கெட்டி!" பால்ராஜின் குரலில் பாயசம் வழிந்தது. "மணப்பொண்ணு ரூம் இருக்கிற மாடிக்கு அவன் ஏறுனதை, மண்டபத்துல கூட்டிப் பெருக்குற அம்மா பாத்திருக்கு. நகைக்கடைக்காரரும் போட்டோவைப் பாத்ததும், இவன்தான் விக்க வந்தவன்னுட்டாரு. கவனிச்சிரட்டா சார்?"

இன்ஸ்பெக்டர் அடித்துத் திருத்திய கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை போட்டோ காட்டினீங்க?"

"ஒண்ணுதான் சார். இவனோடது."

"அந்த அம்மாகிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"சுடலைமணி மாடிக்கு ஏறுனதைப் பாத்தியான்னு கேட்டோம் சார். ஆமான்னுச்சு."

"வேற யாரும் ஏறினாங்களான்னு?"

"அதை எதுக்கு சார் கேக்கணும்?"

 இன்ஸ்பெக்டர் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு குருவைப் பார்த்தார்.

"டீச்சர், ஏழா ரெண்டான்னு தெரியலைன்னா அங்க என்னதான் எழுதுறது?"

"காலியா விடுங்க சார்."

"கட்டம் காலியா கெடந்தா பாக்குறவங்க சிரிப்பாங்களே!"

"சிரிக்கட்டும்," என்றார் குரு, புதிரை மடித்துக்கொண்டே. "காலிக் கட்டம் பொய் சொல்லாது."

இன்ஸ்பெக்டர் போனிலிருந்து கையை எடுத்தார். பால்ராஜ் இன்னும் தொடர்பில் இருந்தார்.

"சார்? அவனைத் தொடலாமா?"

"யாரும் தொடக்கூடாது. அனுப்பி வையி."

"அய்யோ சார்! பொண்ணு வீட்டுக்காரங்க வாசல்லயே நிக்காங்க. அப்ப நகையை எடுத்தது யாருன்னு சொல்ல?"

"தெரியலன்னு சொல்லு."

"யாருக்கு சார் தெரியல?"

"எனக்கு."

பொழுது சாய்வதற்குள், லாக்கப்பில் அடைக்கும்போது கழற்றி வாங்கி நிலையத்து மேஜைக்கு அடியில் போட்டிருந்த ஒரு பெல்ட்டும் ஒரு ஜோடிச் செருப்பும் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டன.