ஃபோர்மேன் போகாத வகுப்பு

“மேடம், ஆசிட் கொட்டிட்டா அது மேல எதைப் போடணும்?”

கேட்டவர் தணிகாசலம். அம்பத்தூரில், பித்தளைச் சாமான்களை ஆசிட்டில் முக்கிப் பளபளப்பாக்கும் ஒரு கம்பெனியின் ஃபோர்மேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ். இருபத்தாறு வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

சேஃப்டி மேடம் ஜெபக்கனிக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. அவள் பயிற்சி ரிஜிஸ்டரை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

எட்டு வகுப்பு. எட்டிலும் தணிகாசலத்தின் கையெழுத்து.

“எட்டு தடவை சொல்லிக் குடுத்திருக்கேனே, சார்.”

அவர் தலை நிமிரவில்லை.

விஷயம் இதுதான். வகுப்புக்கு ஃபோர்மேன்தான் வர வேண்டும் என்பது அங்கே சட்டம். ஃபோர்மேனுக்கோ தலைக்கு மேல் வேலை. “அஞ்சலை, நீ போய் என் இடத்துல உக்காரு” என்பார். அஞ்சலை தொட்டி கழுவுகிறவள். போய் உட்காருவாள், கவனமாகக் கேட்பாள். மத்தியானம் இவர் சாவகாசமாக வந்து கையெழுத்துப் போடுவார். அவள் பெயர் ஒரு பக்கத்திலும் கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை நைட்ரிக் ஆசிட் கேன் ஒன்று சரிந்தது. ஆசிட் தரையெல்லாம் ஓடியது. பக்கத்திலேயே மரத்தூள் மூட்டை இருந்தது.

“மரத்தூளைக் கொட்டு” என்றார் தணிகாசலம்.

“வேணாண்ணே. இதுக்கு மரத்தூள் ஆகாது, பத்திக்கும். வேற ஒண்ணு எடுத்தாறேன்.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? கொட்டுடி!”

கொட்டினாள். பழுப்புப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. அடுத்து தீ. அவளுடைய வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது.

மனுஷன் அதற்கப்புறம் செய்ததுதான் மகா பாவம். ‘பயிற்சி பெறாத தொழிலாளி தன்னிச்சையாக மரத்தூள் கொட்டினார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நாளைக் காலையில் விசாரணை. அந்தக் காகிதத்தை நம்பினால் அஞ்சலைக்கு வேலை போய்விடும்.

“இப்ப ஏன் வந்து கேக்குறீங்க?” என்றாள் ஜெபக்கனி.

“நாளைக்கு மேனேஜர் என்னைக் கேப்பாரு. எதுக்கு எதைப் போடணும்னு ஒரு வார்த்தை தெரியல. சொல்லவே அசிங்கமா இருக்கு மேடம்.”

“எனக்கும் அசிங்கமாத்தான் இருக்கு. நீங்க வரலைன்னு தெரியும். ரிஜிஸ்டர் நிறைஞ்சா போதும்னு விட்டுட்டேன்.”

“இப்பவாவது சொல்லித் தாங்க.”

“யாருக்குச் சொல்லித் தந்தேனோ அவங்களைப் போய்க் கேளுங்க.”

“அவ முகத்துல நான் எப்படி மேடம் முழிப்பேன்?”

ஜெபக்கனி எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அஞ்சலை கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

“வாங்கண்ணே. சாப்டீங்களா?”

இவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே கேள்வியைக் கேட்டார்.

“அய்யய்யோ, நாளைக்கு உங்களைக் கேள்வி கேப்பாங்களா? சரி, நல்லாக் கேட்டுக்குங்க.”

இடது கை விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

“வெறும் தண்ணின்னா கோணிச் சாக்கு, காட்டன் வேஸ்ட், எது வேணா போடலாம். எண்ணெய்க்கு அந்த வெள்ளைப் பாய். அது எண்ணெயை மட்டும் குடிக்கும், தண்ணியைத் தொடாது. நைட்ரிக் ஆசிட்டுக்குக் காஞ்ச மணல். மரத்தூள், துணி, காகிதம் எதுவும் கிட்டக்கூட போகக் கூடாது. எங்க, திருப்பிச் சொல்லுங்க.”

சொன்னார். நடுவில் தடுமாறினார். அவள் திருத்தினாள். மறுபடியும் சொன்னார்.

“இப்ப சரி. தைரியமா போங்க. நீங்க சொல்லித்தான் கொட்டினேன்னு நான் வாயே தொறக்க மாட்டேன். ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுக்கணும் நீங்க.”

அவர் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் காலை. மேனேஜர் அறை. ஜெபக்கனியும் ஒரு ஓரமாக நின்றாள்.

“எண்ணெய் சிந்தினா?”

“வெள்ளைப் பாய், சார்.”

“நைட்ரிக் ஆசிட்?”

“காஞ்ச மணல்.”

“மரத்தூள்?”

“கூடவே கூடாது, சார். பத்திக்கும்.”

மேனேஜருக்கு ரொம்பத் திருப்தி. “பாத்தீங்களா, படிச்சவருக்கும் படிக்காதவங்களுக்கும் இதான் வித்தியாசம். அந்தப் பொம்பளையை அனுப்பிடலாம். உங்களுக்கு இவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்தது யாரு, மேடமா?”

ஜெபக்கனி தரையைப் பார்த்தாள்.

“இல்ல சார், அஞ்சலை அம்மா” என்றார் தணிகாசலம். “நேத்து ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாங்க. செவ்வாக்கிழமையே சொன்னாங்க. நான்தான் அதட்டிக் கொட்ட வெச்சேன்.”